சகலையின் நகல்

மாமனாரின் ஸ்டுடியோவுக்கு மேல்மாடியில் புதிதாக ஓர் அறை தயாராகிக்கொண்டிருந்தது. ஜன்னல் கிடையாது. நான்கு சுவருக்கும் சாம்பல் நிறம். பெயின்ட் அடிக்க வந்தவர், "துக்க வீடு மாதிரி இருக்கே சார், ஒரு இளம்பச்சையாவது அடிக்கலாமே" என்று கேட்டபோது, மூத்த மாப்பிள்ளை அவரை ஏணியிலிருந்து இறங்கவைத்து விளக்கினான். பச்சைச் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து படம் பார்த்தால், கண் தானாகவே பச்சையைக் கழித்துக்கொள்ளும். அப்புறம் திரையில் முகமெல்லாம் சிவந்து தெரியும். சிவப்பு அதிகம் என்று நினைத்துக் குறைப்போம். கடைசியில் கல்யாண மாப்பிள்ளை காமாலைக்காரர் மாதிரி ஆல்பத்தில் உட்கார்ந்திருப்பார். சாம்பல்தான் எந்தப் பக்கமும் சாயாத நிறம். பெயின்டர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, "அப்போ துக்க வீடே இருக்கட்டும்" என்று மறுபடி ஏணியில் ஏறினார்.

அறைக்கு நிறம் தேர்ந்தெடுத்தது அவன். விளக்கு எந்த மூலையில் வர வேண்டும், மேசை எந்தச் சுவரைப் பார்க்க வேண்டும், எல்லாம் அவன் சொன்னபடிதான். ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் யார் உட்காரப்போகிறார்கள் என்பதை மட்டும் மாமனார் சொல்லவில்லை.

ஒரு வருடம் முன்புவரை சொல்லவேண்டிய அவசியமே இல்லை. படம் எடுப்பது மாமனார், திருத்துவது மூத்த மாப்பிள்ளை. நடுவில் வேறு ஆள் கிடையாது. அப்புறம் சின்ன மகளின் புருஷன் வேலைபார்த்த விளம்பரக் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அவனும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தான்.

சகலை என்கிற உறவு ஒரு மாதிரியானது. பங்காளி என்றால் சண்டை போடலாம், சிநேகிதன் என்றால் விட்டுப் பிரியலாம். சகலையை ஒன்றும் செய்ய முடியாது. இருவரும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள். உள்ளே போனதும் யாரை முதலில் "வாங்க மாப்ள" என்கிறார்கள், யாருக்கு மின்விசிறிக்கு நேராக நாற்காலி போடுகிறார்கள் என்று கவனிக்காத மாதிரி கவனித்துக்கொண்டே காலம் தள்ள வேண்டும். மூத்தவனும் ஒரு வருடமாக அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தான்.

இளையவன் தொட்டதெல்லாம் தேனாக இருந்தது. வெயிலில் எடுத்த படமோ குழல்விளக்கில் எடுத்த படமோ, அவன் கை பட்டால் சாயங்கால வெளிச்சம் ஒன்று வந்து படிந்துவிடும். மாமியார் தன் கைப்பேசி முகப்பில் வைத்திருந்தது அவன் திருத்திய படத்தை. "சின்னவர் செஞ்சா நான் கோயில் சிலை மாதிரி இருக்கேன். பெரியவர் செஞ்சா நான் நான் மாதிரியே இருக்கேன்" என்று ஒரு நாள் கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். பாராட்டா, திட்டா என்று மூத்தவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

"உங்க சகலைகிட்ட அந்த கலர் எப்படி வருதுன்னு கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அவன் மனைவி, வீடு திரும்பும் வழியில்.

"எனக்குத் தெரியாததா? கலர் டெம்பரேச்சரை ஏத்தி மஞ்சளாக்கி விடறான், அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா நீங்களும் ஏத்த வேண்டியதுதான?"

"அது தப்பு. வெள்ளைச் சட்டை வெள்ளையாத்தான் இருக்கணும்."

"அப்ப தப்பு நல்லாயிருக்குங்க" என்றாள் அவள்.

இத்தனைக்கும் அந்த ஸ்டுடியோவில் வேலைமுறை என்று ஒன்றை உண்டாக்கியவனே மூத்தவன்தான். அவன் வருவதற்குமுன் மாமனார் படத்தைத் திறப்பார், வெளிச்சத்தைக் கூட்டுவார், அதன்மேலேயே சேமிப்பார். மறுநாள் வாடிக்கையாளர், "கொஞ்சம் அதிகமா இருக்கே, குறைச்சுக் குடுங்க" என்பார். குறைக்கப்போனால் நெற்றியில் வெளுத்த இடம் வெளுத்ததுதான், திரும்பி வராது. மூத்தவன்தான் கேமராவை ரா முறைக்கு மாற்றச் சொன்னான். "ராவாவா? தண்ணி கலக்காமயா மாப்ள?" என்று அன்றைக்கு மாமனார் சிரித்த சிரிப்பு இன்றும் ஸ்டுடியோவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிட்டத்தட்ட அப்படித்தான். ரா கோப்பு என்பது இன்னும் படம் ஆகாத ஒன்று. கேமராவுக்குள் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று எதுவும் கலக்காமல் குறித்துவைத்த எண்கள் மட்டுமே அதில் இருக்கும். மென்பொருள் அந்த எண்களைத் தொடுவதே இல்லை. நாம் செய்யும் திருத்தங்களை, 'இருட்டைக் கொஞ்சம் தூக்கு, வலது ஓரத்தை வெட்டு, ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் அடக்கு' என்று பக்கத்தில் தனியாக எழுதிவைத்துக்கொள்ளும். திறக்கும்போதெல்லாம் மூலத்தை எடுத்து, எழுதியதைப் படித்து, அதன்படி செய்து காட்டும். தையற்காரர் துணியில் சுண்ணாம்புக் கோடு போடுகிற மாதிரி. கோட்டை நூறு தடவை தட்டி நூறு தடவை போடலாம், கத்தரிக்கோல் பக்கத்திலேயே வராது. ஒரே துணியில் இரண்டு தையற்காரர்கள் ஆளுக்கொரு நிறச் சுண்ணாம்பில் கோடு போடலாம் என்பது இன்னும் விசேஷம். மூலம் ஒன்று, அதற்கு இரண்டு நகல்கள். நகல் என்றால் இன்னொரு முழுப் படம் அல்ல, இன்னொரு தொகுதிக் குறிப்புகள்தான். அவன் நகலில் அவன் திருத்தம், இவன் நகலில் இவன் திருத்தம்.

இந்த வசதியைப் பார்த்துத்தான் மாமனாருக்கு அந்த யோசனை வந்தது. ஊருக்கு வெளியே தங்கும் விடுதி நடத்துகிறவர் ஒருவர், தன் விடுதியின் அறைகளையும் கூடத்தையும் முப்பது படங்களாகக் கேட்டிருந்தார். மாமனார் ஒரு வாரம் காலை, மதியம், மழை நாள் என்று பாராமல் போய் எடுத்துவந்தார்.

"ரெண்டு பேரும் முப்பதையும் அவங்கவங்க நகல்ல செய்யுங்க" என்றார். "யாரு செஞ்சதுன்னு சொல்லாம விடுதிக்காரர்கிட்ட காட்டுவோம். அவரு எதைப் பிடிக்குதுங்கிறாரோ அவங்களுக்கு மேல் ரூமு. எனக்கும் பொல்லாப்பு இல்ல பாருங்க."

இளையவன் சிரித்துக்கொண்டே, "சகல முன்னாடி நான் எங்க மாமா" என்றான். அப்படிச் சொல்கிறவனைத்தான் நம்பக்கூடாது என்று மூத்தவனுக்குப் பட்டது.

விடுதிக்காரர் சாயங்காலம் வருவதாக இருந்த நாளில், மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மூத்தவன் தன் முப்பதையும் முடித்துவைத்திருந்தான். ஒவ்வொரு படத்திலும் படுக்கை விரிப்பைத் தேடிப்பிடித்து, அது சரியான வெள்ளையாக வரும்வரை விடவில்லை. வேலை முடிந்த கையோடு சாப்பிடப் போயிருக்கலாம். போகவில்லை. இளையவனின் நாற்காலியில் உட்கார்ந்து அவன் நகல்களைத் திறந்தான்.

முதலில் கூடத்துப் படம் வந்தது. உயரமான ஜன்னல், அதன் கீழே நீள சோபா, தரையில் நீண்டு விழுந்த வெளிச்சம். இளையவன் ஜன்னலை மட்டும் தனியாக வளைத்து அடக்கியிருந்தான். அதனால் வெளியே மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதே ஜன்னல் மூத்தவனின் நகலில் வெறும் வெள்ளைச் சதுரம். இங்கே அதன் வழியாகத் தேன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த சோபாவில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

இதைப் பார்த்துவிட்டால் விடுதிக்காரர் மற்ற இருபத்தொன்பதைப் பார்க்கவே மாட்டார்.

கை தானாக நிறவெப்ப ஸ்லைடரைப் பிடித்தது. எண் ஏறினால் படம் மஞ்சளாகும், இறங்கினால் நீலமாகும். நான் எதை அழிக்கிறேன், ஒன்றையும் இல்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூலம் பத்திரமாக இருக்கிறது. இவன் போட்ட கோடுகளும் பத்திரமாக இருக்கின்றன. நான் கூடவே ஒரு சின்னக் கோடு போடுகிறேன், அவ்வளவுதான். நாளைக்கே ஒரு படி பின்னால் போனால் எல்லாம் பழையபடி. அவன் ஆறாயிரத்து ஐந்நூறில் இருந்ததை இழுத்து நாலாயிரத்து அறுநூறில் நிறுத்தினான். தேன் வடிந்துபோனது. கூடம் வெளிறி, எழுந்தவுடன் முகம் கழுவாமல் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி ஆனது. போதும் என்று மூடிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தான்.

அவன் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. இளையவன் காலையில் முப்பது படங்களிலும் லென்ஸ் வளைவை நேராக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாகச் செய்யாமல் முப்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஆட்டோ சிங்க் சுவிட்சைப் போட்டுவிட்டு, அப்படியே எழுந்து சாப்பிடப் போய்விட்டான். ஆட்டோ சிங்க் போட்டிருந்தால் கண்ணெதிரே இருப்பது ஒரு படம்தான், ஆனால் கை வைப்பது எல்லாவற்றிலும். அதுவும் எப்படி? ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் குறைக்காது. ஸ்லைடர் எந்த எண்ணில் நிற்கிறதோ அதே எண்ணை எல்லாப் படங்களிலும் எழுதிவிடும். கீழே வரிசையாகச் சின்னப் படங்கள் தெரியும் பட்டை திறந்திருந்தால் முப்பதும் ஒன்றாக நிறம் மாறுவதைப் பார்த்திருக்கலாம். ஆனால் நிறம் பார்க்கும்போது அந்தப் பட்டையை மூடிவைக்க வேண்டும், பக்கத்துப் படம் கண்ணை ஏமாற்றும் என்று அந்த ஸ்டுடியோவில் சட்டம் போட்டவன் மூத்தவனே.

சாயங்காலம் வர வேண்டிய விடுதிக்காரர் அப்போதே படியேறி வந்தார். மாமனாரும் இளையவனும் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

"இந்தப் பக்கமா வந்தேன். இப்பவே பாத்துறலாமா?"

மாமனார் பெரிய திரையில் முதலில் மூத்தவனின் தொகுதியை ஓட்டினார். விடுதிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"சுத்தமா இருக்கு" என்றார். மூத்தவன் நிமிர்ந்தான். "ரொம்பச் சுத்தமா இருக்கு. பெட்டு ரெடி, நோயாளி எப்ப வர்றாரு?"

மாமனார் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

அடுத்த தொகுதி. கூடம் வந்தது, வெளிறி. மூத்தவன் தரையைப் பார்த்தான். ஒன்றுதானே, அடுத்தது தேனாக வரும் என்று நினைத்து நிமிர்ந்தபோது, அடுத்ததிலும் தேன் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நாலாவது படத்தில் அவனுக்கு விஷயம் புரிந்து காது இரண்டும் சுட்டது. பக்கத்தில் இளையவன் வாயைத் திறந்து, "மாமா, இது..." என்று ஆரம்பிக்க, மாமனார் அவன் காலை மிதித்தார்.

விடுதிக்காரர் கட்டிய கையை அவிழ்த்திருந்தார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கொஞ்சம் பின்னால போங்க. ஆங், இது. இது கிழக்கு ரூமு. விடிஞ்சு திரையை விலக்கினா இப்படித்தான் லேசா நீலம் பூத்தாப்ல இருக்கும். இது மாடி வராந்தா, மழை பெஞ்ச அன்னிக்கு எடுத்தீங்களா? தெரியுது, ஈரம் தெரியுது. இது சாப்பாட்டு ஹால், லைட்டு போட்டப்புறம். அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்த மாதிரி கதகதன்னு இருக்கு." அவர் திரும்பினார். "இது என் விடுதி. மத்தது எல்லாம் ஏதோ விடுதி. யாரு செஞ்சா என்ன, இதையே குடுத்துருங்க."

ஒரே எண் செய்த வேலை அது. மூத்தவன் ஒவ்வொரு படத்தையும் வெள்ளைக்குக் கொண்டுவந்து பொழுதைத் துடைத்துவிட்டிருந்தான். இளையவன் எல்லாப் பொழுதையும் சாயங்காலமாக்கிவிட்டிருந்தான். முப்பதுக்கும் ஒரே எண் என்று ஆனதும், காலை நீலத்துக்குப் போனது, விளக்கு மஞ்சளுக்குப் போனது, மழை தன் சாம்பலிலேயே நின்றது. அளவுகோலை ஒரே இடத்தில் பிடித்தால்தானே உயரத்தில் வித்தியாசம் தெரியும்.

விடுதிக்காரர் இறங்கிப் போனதும் இளையவன், "மாமா, நான் இப்படி வைக்கவே இல்ல. என்னமோ ஆயிருக்கு" என்றான்.

"ஆனது நல்லதாத்தான ஆயிருக்கு? விடுங்க. சின்ன மாப்ள கைராசி. மேல் ரூமு உங்களுக்குத்தான்."

கைராசி! மூத்தவனுக்கு அந்தச் சொல் உச்சந்தலையில் இறங்கியது. திறமை என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். ஒரு வருடமாக ஊரே புகழ்ந்த தேனை விடுதிக்காரர் பார்க்கவே இல்லை. அவர் பார்த்து மயங்கியது என் எண்ணை. அதையும் எடுத்து இவன் ராசியில் வரவு வைப்பதா?

"அது நான் வச்சது" என்றான்.

இருவரும் திரும்பினார்கள்.

"ஹிஸ்டரியைத் தொறந்து பாருங்க. கடைசிப் படி. நாலாயிரத்து அறுநூறு. அது என்னோடது."

இளையவன் திறந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. "அட, ஆமா! சகல, பிரமாதம் சகல! எல்லாத்துக்கும் ஒரே நம்பர் வச்சா பொழுது தெரியும்னு எனக்குத் தோணவே இல்லயே."

ஒரு வருடமாக எந்தப் பாராட்டுக்காக ஏங்கினானோ அது வந்துவிட்டது. மாமனாரும் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். மென்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் என்பதால் நேராகக் கேட்டார்:

"இவ்வளவு நல்ல யோசனையை உங்க நகல்ல வைக்காம அவரு நகல்ல எதுக்கு மாப்ள வச்சீங்க?"

இளையவன் மூத்தவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கைகொடுக்கிற மாதிரி முன்வந்தான்.

"மாமா, நான்தான் ஆட்டோ சிங்க்கைப் போட்டபடியே எந்திரிச்சுப் போய்ட்டேன். சகல சும்மா பாத்திருப்பாரு. தெரியாம கை பட்டிருக்கும். இல்ல சகல?"

தெரியாமல் கை பட்டது என்று தலையாட்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் தெரியாமல் கை படுவது யாருக்கு? புதிதாக வந்தவனுக்கு. கை வைக்கும்முன் அந்தச் சுவிட்சைப் பார் என்று ஸ்டுடியோவில் எல்லாருக்கும் பாடம் எடுத்தவனுக்கா? அதுவும் இவன் இரக்கப்பட்டா?

"தெரியாம ஒண்ணும் படல" என்றான் மூத்தவன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. "தெரிஞ்சுதான் வச்சேன். கூடத்துப் படம் ரொம்ப நல்லாயிருந்தது. அதைக் கெடுக்கத்தான் வச்சேன்."

மேல்மாடியில் யாரோ சுவரைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"கூடத்துப் படம்னா ஒண்ணுதான சகல?" என்றான் இளையவன் மெல்ல. "மத்த இருபத்தொம்பது?"

கெடுக்கத்தான் வைத்தேன் என்று கூரை அதிரச் சொன்னவனுக்கு இந்தப் பதிலுக்குக் குரல் இறங்கிப்போனது.

"சுவிட்சைப் பாக்கல" என்றான்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். "அந்தப் பழைய கலரு போயிருச்சா?"

"இல்ல மாமா. ஒண்ணும் அழியல. ஒரு படி பின்னால போனா அப்படியே வந்துரும்" என்றான் இளையவன்.

"நல்லது" என்றார். மரியாதை கொஞ்சமும் குறையவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "மேல் ரூமுக்குச் சாவி ரெண்டு குடுத்திருக்காங்க மாப்ள. ரெண்டும் சின்ன மாப்ளகிட்டயே இருக்கட்டும். நீங்க சாப்பிட்டீங்களா? போய்ச் சாப்பிடுங்க."

இளையவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவன் திட்டவில்லை. திரைமுன் உட்கார்ந்து, விடுதிக்காரர் கேட்ட முப்பதையும் தனி நகலாக எடுத்தான். தன்னுடையதை ஒரு படி பின்னால் நகர்த்தினான். கூடத்து ஜன்னலில் தேன் திரும்பி வந்தது. புது நகலுக்குப் பெயர் கேட்டு மென்பொருள் ஒரு கட்டத்தை நீட்டியது. அவன் கொஞ்சமும் யோசிக்காமல் 'பெரிய சகலை' என்று தட்டினான்.

"உங்களோடதுதான சகல? உங்க பேருலயே இருக்கட்டும்."

மூத்தவன் படியிறங்கினான். கலர், கைராசி, ஜன்னலை வளைத்து அடக்குகிற பொறுமை என்று அவன் பொறாமைப்பட்ட பட்டியல் ஏற்கெனவே நீளம். இப்போது இந்தப் பெருந்தன்மையையும் அதில் சேர்க்க வேண்டியிருந்தது. இதற்கு மட்டும் எந்த ஸ்லைடரும் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் மனைவிக்கு அதற்குள் தங்கை மூலமாகச் செய்தி வந்திருந்தது. அவள் தட்டை வைத்தாள்.

"ஏங்க, கெடுக்கறதைக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியலயா உங்களுக்கு?"

அவன் சாப்பிட்டான்.

அடுத்த மாதம் விடுதிக்காரர் இன்னொரு கட்டடம் திறந்தார். மாமனார் போய் எடுத்துவந்தார். முந்தைய மாதிரியே வேண்டும் என்று கட்டளை. மூத்தவன் கீழே ஸ்டுடியோவில் தன் பழைய மேசையில் கல்யாண ஆல்பம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தபோது, மேலே சாம்பல் அறையின் கதவு திறந்தது. இளையவன் படிக்கட்டின் உச்சியில் நின்று எட்டிப்பார்த்தான்.

"சகல! இந்த பில்டிங்ல லைட்டு எல்லாம் வேற மாதிரி போட்டிருக்காங்க. நாலாயிரத்து அறுநூறு வச்சா ரொம்பச் செவந்து போவுது. இதுக்கு எந்த நம்பர் வைக்கலாம்? எனக்குப் பிடிபடல."

மூத்தவனுக்குப் பிடிபட்டது. காலையில் படங்களைக் கணினியில் ஏற்றும்போதே கண் அளந்துவிட்டது. நாலாயிரத்து நூறு. கேட்டவுடன் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

அவன் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான். கோப்பையைச் சுற்றிப் பார்த்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"இருங்க சகல" என்றான். "யோசிச்சுத்தான் சொல்லணும்."